அடமானத்தின் கதை – 11: ‘ஊடுருவல்’ என்றொரு கட்டம்

அந்தப் படிவத்தின் மேற்பகுதியில் நகரத்தின் பெயர், வட்டாரத்தின் எண், அதற்குக் கொடுக்கப்பட்ட தரம். பிறகு நிலத்தின் அமைப்பு, சாதகங்கள், பாதகங்கள். அடுத்து ‘குடியிருப்போர்’ என்ற தலைப்பு. அதன் கீழே சின்னச் சின்னக் கட்டங்கள். என்ன வேலை பார்ப்பவர்கள், ஆண்டு வருமானம் எவ்வளவு, வெளிநாட்டில் பிறந்தவர்கள் எத்தனை சதவீதம், அன்றைய வழக்குச் சொல்லில் ‘நீக்ரோ’க்கள் உண்டா, உண்டென்றால் எத்தனை சதவீதம். அதற்கடுத்து ‘ஊடுருவல்’ என்று அச்சிட்டு எதிரே இடம் விட்டிருந்தார்கள். அந்த வட்டாரத்துக்குள் யார் ஊடுருவுகிறார்கள் என்று அங்கே எழுத வேண்டும்.

ஒரு குடும்பம் வருடக்கணக்கில் காசு சேர்த்து, வீடு பார்த்து, சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து குடியேறுகிறது. அரசாங்கத்தின் படிவத்தில் அதற்குப் பெயர் ஊடுருவல்.

பெருமந்தத்தில் வீடு பறிபோகும் நிலையில் இருந்தவர்களைக் காப்பாற்ற அமெரிக்காவில் ரூஸ்வெல்ட் அரசு 1933-ல் ‘வீட்டு உரிமையாளர் கடன் கழக’த்தைத் தொடங்கியதையும், சுமார் 10 லட்சம் கடன்களை அது தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டதையும் சென்ற பகுதியில் பார்த்தோம். அத்தனை வீடுகள் கைக்கு வந்த பிறகு, அவை இருக்கும் வட்டாரங்கள் எப்படிப்பட்டவை என்று தெரிந்துகொள்ள விரும்பியது அந்தக் கழகம். 1935 முதல் 1940 வரை இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களில் தரகர்களையும் வங்கிக்காரர்களையும் மதிப்பீட்டாளர்களையும் கேட்டு இந்தப் படிவங்களை நிரப்பினார்கள். அவற்றை வைத்து வரைபடங்கள் தீட்டினார்கள். முதல்தர வட்டாரம் பச்சை, அடுத்தது நீலம், அதற்கடுத்தது மஞ்சள், கடைசித் தரம் சிவப்பு.

அந்த நிறங்களைப் பற்றி நிறையவே எழுதப்பட்டுவிட்டது. இந்தப் பகுதியில் நாம் படிவத்தில் இருந்த எழுத்தைப் பார்ப்போம். ஒரு வட்டாரத்தைப் பற்றி மதிப்பீட்டாளர் என்ன எழுதினார், அதனால் என்ன நடந்தது, இன்னின்னதை எழுதவே கூடாது என்ற தடை எப்படி வந்தது என்பதுதான் இன்றைய கதை. வங்கியில் வீட்டுக்கடன் வாங்கியவர்களுக்கு மதிப்பீட்டாளர் யார் என்று விளக்க வேண்டியதில்லை. வீட்டை வந்து பார்த்து, அளந்து, இது இவ்வளவு பெறும் என்று வங்கிக்கு எழுதித் தருபவர். அவர் எழுதும் தொகையைப் பொறுத்துத்தான் கடன் கிடைக்கும்.

செயின்ட் லூயிஸ் நகரத்தின் படிவங்களை எடுத்துக்கொள்வோம். லடூ என்ற புறநகர் பச்சை. பெரும் பணக்காரர்கள் வாழும் இடம் என்று எழுதியவர், வெளிநாட்டவரோ நீக்ரோவோ ஒருவர்கூட அங்கே வீட்டுக்காரராக இல்லை என்பதையும் ஒரு சிறப்பாகச் சேர்த்து எழுதினார். அதே நகரத்தில் லிங்கன் டெரஸ் என்றொரு குடியிருப்பு. நடுத்தர வெள்ளையர்களுக்காக 1920களில் கட்டப்பட்டது. அவர்கள் வாங்க வராததால் கறுப்பினக் குடும்பங்கள் குடியேறின. வீடுகள் புதியவை, கட்டுமானமும் நன்றாகவே இருந்தது. ஆனாலும் 1937-ல் கிடைத்தது சிவப்பு. 1940-லும் அதேதான். வீடுகளுக்கு இப்போது மதிப்பே இல்லை எனலாம் என்றும், வட்டாரம் கறுப்பினத்தவர் கைக்குப் போனதே காரணம் என்றும் அறிக்கை சொன்னது. செங்கல்லில் குறையில்லை, கூரையில் குறையில்லை. உள்ளே இருந்தவர்களின் தோலில் குறை கண்டார்கள்.

லாஸ் ஏஞ்சலஸின் பாயில் ஹைட்ஸைப் பற்றி 1939-ல் எழுதியவர் இன்னும் ஒரு படி மேலே போனார். யூதர்கள், மெக்சிகோக்காரர்கள், ஜப்பானியர்கள், ஸ்லாவியர்கள் என்று பலரும் சேர்ந்து வாழ்ந்த வட்டாரம் அது. சீர்குலைக்கும் இனங்கள் தேன்கூட்டுத் துளைகளைப்போல அங்கே நிறைந்திருப்பதாகவும், கேடு தரும் இனத்தவர் இல்லாத ஒரு தெருத்துண்டாவது இருக்குமா என்பது சந்தேகம் என்றும் அந்த அறிக்கை கூறியது. வீட்டு விலையைச் சொல்ல வந்த தாளில் இருந்த வாசகம் இது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த வரைபடங்களைப் பார்த்துத்தான் எல்லா வங்கிகளும் கடனை மறுத்தன என்று பரவலாக நம்பப்படுகிறது. பிற்கால ஆய்வாளர்கள் அதைத் திருத்தியிருக்கிறார்கள். கழகம் தன் கடன்களில் பெரும்பாலானவற்றை வரைபடங்கள் வருவதற்கு முன்பே கொடுத்து முடித்திருந்தது. வரைபடங்களும் எல்லோர் கைக்கும் போகவில்லை. உண்மையான பூட்டு வேறோர் அலுவலகத்தில் இருந்தது. ஆனால் அந்த அலுவலகத்தில் இருந்தவர்களும் இந்தப் படிவங்களை நிரப்பியவர்களும் ஒரே பாடத்தைப் படித்தவர்கள்.

பாடம் சொல்லிக் கொடுத்தவர்கள்

அந்தப் பாடத்தை எழுதியவர்களில் இருவர் முக்கியமானவர்கள். ஒருவர் ஃபிரெடரிக் பாப்காக். 1932-ல் இவர் வெளியிட்ட மதிப்பீட்டு நூல் இத்துறையின் அடிப்படைப் புத்தகமானது. வட்டாரங்களின் விலை பொதுவாக மெல்ல மெல்லத்தான் இறங்கும், இன வேறுபாடு ஒன்று மட்டும் அதை வேகமாகச் சரித்துவிடும் என்பது அவர் கொள்கை. இனங்களைப் பிரித்து வைத்தால் அந்தச் சரிவை ஓரளவு தவிர்க்கலாம் என்றும் எழுதினார்.

இன்னொருவர் ஹோமர் ஹாய்ட். சிகாகோ பல்கலைக்கழகத்தில் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். சிகாகோ நகரத்தின் நூறாண்டு நில விலையைத் தெருத் தெருவாகத் தொகுத்து 1933-ல் அவர் வெளியிட்ட நூலை இன்றும் ஆய்வாளர்கள் எடுத்துப் பார்க்கிறார்கள். அவ்வளவு உழைப்பு அதில் இருக்கிறது. அதே நூலில் ஒரு பட்டியலும் இருக்கிறது. யார் குடியிருந்தால் நிலத்தின் விலை உயரும், யார் வந்தால் விழும் என்று மக்களைப் பத்துப் படிகளில் அடுக்கிய பட்டியல். முதல் படியில் ஆங்கிலேயர், ஜெர்மானியர், ஸ்காட்லாந்தியர், ஐரிஷ்காரர், ஸ்காண்டிநேவியர். இரண்டாவதில் வட இத்தாலியர். பிறகு செக் நாட்டவர், போலந்துக்காரர், லித்துவேனியர், கிரேக்கர், கீழ்த்தட்டு ரஷ்ய யூதர், தென் இத்தாலியர். ஒன்பதாவது படியில் கறுப்பினத்தவர். பத்தாவதில் மெக்சிகோக்காரர். இத்தாலியர்களிலேயே வடக்குக்கு ஒரு படி, தெற்குக்கு வேறொரு படி.

பட்டியல் எங்கிருந்து வந்தது? ஆய்விலிருந்து வரவில்லை. சிகாகோவின் மேற்குப் பகுதியில் தொழில் செய்த ஒரு தரகரின் அபிப்பிராயம் அது. ஹாய்ட் அதை மறைக்கவும் இல்லை. இந்த வரிசை அறிவியல்படி தவறாக இருக்கலாம், இதன் பின்னால் இருப்பது வெறும் தப்பெண்ணமாகவும் இருக்கலாம், ஆனாலும் அந்தத் தப்பெண்ணம் நில விலையில் பிரதிபலிக்கிறது, ஆகவே பதிவு செய்கிறேன் என்றார்.

இந்த வாதத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ‘எனக்கு எந்த வெறுப்பும் இல்லை. சந்தையில் இருப்பதை எழுதுகிறேன்.’ அடுத்த தொண்ணூறு ஆண்டுகளில் இத்தொழிலின்மேல் குற்றச்சாட்டு எழுந்தபோதெல்லாம் வந்த பதில் இதுதான். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. இதில் என்ன கோளாறு என்பது, எழுதியவர்கள் அதிகாரத்துக்கு வந்தபோது தெரிந்தது.

1934-ல் ‘கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம்’ தொடங்கப்பட்டது. உண்மையான பூட்டு இருந்த அலுவலகம் இதுதான். வீட்டுக்கடனுக்கு அரசே காப்பீடு கொடுக்கும் நிறுவனம் இது. அதுவரை வங்கிகள் வீட்டின் மதிப்பில் பாதி அளவுக்கே கடன் கொடுத்தன. அதையும் ஐந்தாறு வருடங்களில் அடைக்க வேண்டும். காப்பீடு வந்த பிறகு மதிப்பில் 80 சதவீதம் வரை, இருபது வருடத் தவணையில் கடன் கிடைத்தது. 1938-ல் சிறிய வீடுகளுக்கு 90 சதவீதம் வரை, இருபத்தைந்து வருடம் என்று இன்னும் தளர்த்தினார்கள். அமெரிக்க நடுத்தர வர்க்கம் சொந்த வீட்டுக்காரர்களாக மாறியது இந்தக் கதவு வழியாகத்தான். கதவைத் திறக்கலாமா என்று முடிவெடுக்கும் விதிகளை எழுதும் பொறுப்பு பாப்காக்குக்கு வந்தது. ஹாய்ட் அங்கே பொருளாதார நிபுணராகச் சேர்ந்தார்.

அவர்கள் காலத்தில் வந்த கையேட்டில், வீடு இருக்கும் இடத்துக்கு எட்டுத் தலைப்புகளில் மதிப்பெண் போட வேண்டும். போக்குவரத்து வசதிக்குப் பத்து. குடிநீர், மின்சாரம் முதலியவற்றுக்கு ஐந்து. வரிச்சுமைக்கு ஐந்து. கடைகளும் பொது இடங்களும் அருகில் இருப்பதற்கு ஐந்து. வெள்ளம் போன்ற அபாயங்கள் இல்லாமைக்கு ஐந்து. பார்வைக்குக் கவர்ச்சியாக இருப்பதற்குப் பத்து. ஆக நாற்பது. மீதி அறுபதில் வட்டாரத்தின் பொருளாதார நிலைத்தன்மைக்கு நாற்பது, ‘பாதகமான தாக்கங்களிலிருந்து பாதுகாப்பு’க்கு இருபது. பாதகமான தாக்கங்கள் என்ற பட்டியலில் தொழிற்சாலைப் புகையோடு, ஒத்துப்போகாத இனத்தவரின் ஊடுருவலும் இருந்தது. வட்டாரம் நிலையாக இருக்க வேண்டுமானால் ஒரே சமூகத்தவரும் இனத்தவரும் தொடர்ந்து குடியிருக்க வேண்டும் என்றது கையேடு. சுற்றுப்புறத்தில் வேறு இனத்தவர் இருக்கிறார்களா என்று மதிப்பீட்டாளர் விசாரித்து, நாளை அவர்கள் இங்கே நுழையும் வாய்ப்பு உண்டா என்று கணிக்கவும் வேண்டும். மலை, பள்ளத்தாக்கு, வேகமாக வண்டிகள் ஓடும் பெருஞ்சாலை போன்றவை நல்ல தடுப்புகள் என்றும் குறிப்பிட்டது.

தடுப்பு இல்லாத இடத்தில்? டெட்ராய்ட் நகரத்தின் வடக்கு எல்லையில், எய்ட் மைல் சாலைக்கு அருகே கறுப்பினக் குடும்பங்கள் 1920களிலிருந்தே நிலம் வாங்கிச் சொந்தமாக வீடு கட்டி வாழ்ந்துவந்தன. அதை ஒட்டி வெள்ளையர்களுக்கான குடியிருப்பு ஒன்றை எழுப்ப ஒரு கட்டுமானக்காரர் திட்டமிட்டார். கறுப்பினத்தவர் அருகில் இருப்பதால் கடன் காப்பீடு தர முடியாது என்று பதில் வந்தது. 1941-ல் இரண்டு குடியிருப்புகளுக்கும் நடுவே ஆறடி உயரம், ஓரடிக் கனம், அரை மைல் நீளத்துக்குக் கான்கிரீட் சுவர் ஒன்றைக் கட்டினார். காப்பீடு கிடைத்துவிட்டது. அந்தச் சுவர் இன்னும் அங்கே நிற்கிறது. மதிப்பீட்டு அறிக்கையின் ஒரு பத்தி எவ்வளவு பலமுள்ளது என்று கேட்பவர்களுக்கு நான் காட்ட விரும்பும் சாட்சி அந்தச் சுவர்தான்.

சந்தையை எழுதுகிறேன் என்ற வாதத்தின் கோளாறு இங்கே வெளிப்படுகிறது. ‘இந்த வட்டாரம் சரிகிறது’ என்று அறிக்கை சொன்னால் வங்கி கடன் தராது. கடன் இல்லையென்றால் முழுத் தொகையையும் கையில் வைத்திருப்பவர் மட்டுமே அங்கே வாங்க முடியும். அப்படிப்பட்டவர்கள் சிலர்தான். அவர்களும் அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள். இருக்கிற வீட்டுக்காரர் ஒழுகும் கூரையை மாற்றக் கடன் கேட்டால் அதுவும் கிடைக்காது. கூரை இன்னும் ஒழுகும். ஐந்து வருடம் கழித்து இன்னொரு மதிப்பீட்டாளர் வருவார். விழுந்துபோன விலைகளையும் பழுதான கூரைகளையும் கண்ணால் பார்த்து, ‘வட்டாரம் சரிந்துவிட்டது’ என்று எழுதுவார். அவர் எழுதுவது பொய்யில்லை. ஆனால் அவர் பார்க்கும் சரிவில் பாதி, முன்னவர் எழுதிய வரியால் வந்தது. இப்படிப்பட்ட ஒரு வரிக்குப் பொறுப்பு ஏற்காமல், ‘நான் பார்வையாளன்’ என்று ஒதுங்கிக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

எதிர்க்குரல் அந்தத் தொழிலுக்கு உள்ளேயே இருந்தது. 1940களின் நடுவிலேயே, கறுப்பினத்தவர் குடிவந்த இடங்களில் விலை ஏறியிருக்கிறது என்று மதிப்பீட்டாளர்களின் தொழில் இதழில் ஒருவர் கட்டுரை எழுதினார். 1955-ல் சார்ல்ஸ் ஏப்ரம்ஸ் என்ற வீட்டுவசதி வல்லுநர், கூட்டாட்சி நிர்வாகத்தின் கையேட்டை ஹிட்லர் அரசின் நியூரம்பெர்க் சட்டங்களோடு ஒப்பிட்டுச் சாடினார். எண்களோடு வந்த பதில் 1960-ல் கிடைத்தது. லூயிஜி லாரெண்டி என்ற பொருளாதார ஆய்வாளர் சான்ஃபிரான்சிஸ்கோ, ஓக்லாண்ட், ஃபிலடெல்ஃபியா நகரங்களில் நடந்த சுமார் 10,000 விற்பனைகளை ஆராய்ந்தார். கறுப்பினத்தவர் குடிவந்த வட்டாரங்களையும், அதேபோன்ற வெள்ளையர் வட்டாரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். 41 சதவீத ஒப்பீடுகளில் விலையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. 44 சதவீதத்தில் கறுப்பினத்தவர் வந்த இடத்தில்தான் விலை கூடுதல். குறைந்தது 15 சதவீதத்தில் மட்டும். பாப்காக் முதல் அத்தனை பேரும் இயற்கை விதிபோலச் சொல்லிக்கொண்டிருந்ததற்கு ஆதாரம் இல்லை என்பது தெரிந்தது. ஆனால் பாடப்புத்தகங்கள் உடனே மாறவில்லை.

மாறிய சொற்களும் மாறாதவையும்

சட்டத்தின் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நகர்ந்தது. இந்த வீட்டை வெள்ளையருக்கு மட்டுமே விற்க வேண்டும் என்று பத்திரத்தில் எழுதும் நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று 1948-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குச் சற்று முன்பே கூட்டாட்சி நிர்வாகம் தன் கையேட்டிலிருந்து இனம் பற்றிய வெளிப்படையான வாசகங்களை எடுத்துவிட்டிருந்தது. ரியல் எஸ்டேட் தரகர்களின் தேசியச் சங்கமும் அப்படியே செய்தது. தம் வருகையால் விலையைக் கெடுக்கக்கூடிய இனத்தவரை ஒரு வட்டாரத்தில் நுழைக்கத் தரகர் துணைபோகக் கூடாது என்று 1924 முதல் அதன் நெறிமுறையில் ஒரு விதி இருந்தது. 1950-ல் ‘இனம்’ என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டு, மற்றதை ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

மார்ட்டின் லூதர் கிங் 1968 ஏப்ரல் 4 அன்று கொல்லப்பட்டார். ஒரு வாரத்தில், ஏப்ரல் 11 அன்று, நியாய வீட்டுவசதிச் சட்டம் கையெழுத்தானது. விற்பதில், வாடகைக்கு விடுவதில், கடன் கொடுப்பதில் இனப் பாகுபாடு கூடாது என்றது சட்டம். மதிப்பீட்டாளரைப் பற்றி அது பெயர் சொல்லிப் பேசவில்லை. தொழிற்கல்வி வகுப்புகளில் பழைய பாடமே தொடர்ந்தது.

1970களில் வங்கிகளின்மேல் அழுத்தம் கூடியது. சிகாகோவின் ஆஸ்டின் வட்டாரத்தைச் சேர்ந்த கேல் சின்கோட்டா என்ற பெண்மணி, தங்கள் பகுதிக்குக் கடன் வராததைக் கண்டு அக்கம்பக்கத்துக் குடும்பங்களைத் திரட்டினார். அந்த இயக்கம் நாடு முழுக்கப் பரவியது. எந்தெந்த வட்டாரத்துக்கு எவ்வளவு கடன் கொடுத்தோம் என்று வங்கிகள் கணக்கு வெளியிட வேண்டும் என்ற சட்டம் 1975-ல் வந்தது. ‘ஏன் கொடுக்கவில்லை’ என்று வங்கியைக் கேட்டால், மதிப்பீட்டு அறிக்கையைக் காட்டினார்கள். அறிக்கை எழுதியவரைக் கேட்டால், பாடப்புத்தகத்தைக் காட்டினார்.

ஆகவே 1976-ல் அமெரிக்க நீதித் துறை பாடப்புத்தகத்தின்மேலேயே வழக்குத் தொடர்ந்தது. சிகாகோ கூட்டாட்சி நீதிமன்றத்தில் பிரதிவாதிகள் நான்கு பேர்: மதிப்பீட்டாளர்களின் இரண்டு பெரிய அமைப்புகள், சேமிப்பு நிறுவனங்களின் சங்கம், அடமான வங்கியாளர்களின் சங்கம். இனத்தையும் பூர்வீகத்தையும் விலையைக் குறைக்கும் காரணங்களாகக் கருதும்படி இவர்கள் தொழிலில் இருப்பவர்களைப் பழக்குகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. இந்த அமைப்புகள் வீடு விற்பவையல்ல, கடன் தருபவையும் அல்ல. பாடம் நடத்துகிற ஓர் அமைப்பைச் சட்டம் எப்படிக் கட்டுப்படுத்தும்? புத்தகத்தில் எழுதுவது பேச்சுரிமை இல்லையா? இரண்டு கேள்விகளும் எழுந்தன. வீடு கிடைக்காமல் செய்வதில் அந்த நெறிகளுக்குப் பங்கு இருக்கலாம், எனவே சட்டம் இவர்களையும் தொடும் என்று நீதிமன்றம் கருதியது. பேச்சுரிமை வாதம் எடுபடவில்லை.

முதன்மையான பிரதிவாதியான ‘அமெரிக்க ரியல் எஸ்டேட் மதிப்பீட்டாளர் நிறுவனம்’ சமரசத்துக்கு வந்தது. அந்த ஒப்பந்தத்தை 1977-ல் நீதிமன்றம் ஏற்றது. எதிர்த்துப் போன மேல்முறையீடும் 1978-ல் தள்ளுபடியானது. ஒப்பந்தத்தில் இருந்த கொள்கைகளை இங்கே தமிழில் சுருக்கித் தருகிறேன். வட்டாரத்தில் ஒரே இனத்தவர், ஒரே மதத்தவர் இருந்தால்தான் நல்ல விலை போகும் என்ற எண்ணத்தின்மேல் மதிப்பீடு செய்வது முறையற்றது. இனமும் மதமும் விலையின் போக்கைக் கணிக்க நம்பத்தகாதவை. இனம், நிறம், மதம், பால், பூர்வீகம் பற்றிய வழக்கமான எண்ணங்களை வைத்தோ, இந்த வட்டாரத்துக்கு இன்னும் இத்தனை வருட ஆயுள்தான் என்று ஆதாரமில்லாமல் ஊகித்தோ முடிவுக்கு வருவது முறையற்றது. பாடப்புத்தகமும் வகுப்புப் பாடங்களும் இதற்கேற்பத் திருத்தப்பட்டன. வட்டாரத்தைப் பற்றி என்ன எழுதலாம் என்பதற்கு இத்தொழிலில் விழுந்த முதல் உறுதியான வரம்பு இது.

வரம்பு படிவத்துக்கும் வந்தது. வீட்டுக்கடன்களை வங்கிகளிடமிருந்து வாங்கும் ஃபேனி மே, ஃபிரெடி மேக் ஆகிய இரண்டு பெரிய நிறுவனங்களின் மதிப்பீட்டுப் படிவத்தில் ‘வட்டாரம்’ என்ற பகுதிக்கு மேலேயே ஒரு குறிப்பை அச்சிட்டார்கள்: இனமும், வட்டாரத்தில் எந்தெந்த இனத்தவர் எவ்வளவு என்பதும் மதிப்பீட்டுக் காரணிகள் அல்ல. ‘ஊடுருவல்’ என்ற கட்டம் இருந்த தாளின் வாரிசு இந்தப் படிவம். 1988-ல் நியாய வீட்டுவசதிச் சட்டத்தைத் திருத்தியபோது மதிப்பீட்டுத் தொழிலையும் பெயர் சொல்லியே அதில் சேர்த்தார்கள்.

இந்தக் கதை இதோடு முடிந்திருக்கலாம். எனக்கும் அதுவே விருப்பம்.

தடை வந்ததும் சொற்கள் வேறு உடை உடுத்தின. இனத்தை எழுத முடியாதவர் ‘விரும்பத்தக்க பகுதி’ என்று எழுதினார். ‘வீட்டுக்காரர்கள் பெருமையோடு பராமரிக்கிறார்கள்’, ‘குற்றம் அதிகம்’, ‘நல்ல பள்ளிகள்’, ‘பாதுகாப்பான இடம்’ என்றெல்லாம் எழுதினார்கள். எழுதியவர்களில் பெரும்பாலோர் கெட்ட எண்ணத்தோடு எழுதினார்கள் என்று நான் நினைக்கவில்லை. பழைய அறிக்கையிலிருந்து புதியதுக்கு நகலெடுக்கும் பழக்கத்தில் வந்தவை பல. ஆனால் யாருக்கு விரும்பத்தக்கது? யாருக்குப் பாதுகாப்பு? அளந்து சொல்ல முடியாத சொல் இருக்கும் இடத்தில், படிப்பவர் தன் மனதில் ஏற்கெனவே இருப்பதைப் போட்டு நிரப்பிக்கொள்கிறார்.

அதைவிட வருத்தம் தரும் செய்தி 2021 டிசம்பரில் வந்தது. ஃபேனி மே, ஃபிரெடி மேக் இரண்டையும் மேற்பார்வையிடும் கூட்டாட்சி வீட்டுநிதி முகமை, சேர்ந்து கிடந்த மதிப்பீட்டு அறிக்கைகளில் சில சொற்களைத் தேடிப் பார்த்தது. வருடத்துக்குப் பல லட்சம் அறிக்கைகள் வரும் இடத்தில், இனத்தைத் தொடும் வாசகங்கள் இருக்கக்கூடிய ஆயிரக்கணக்கானவை அகப்பட்டன. கறுப்பின மக்கள்தொகை மாநிலச் சராசரியைவிட அதிகம் என்று ஒன்று. அண்மையில் ஆசியர்களின் தாக்கம் கூடியிருக்கிறது என்று ஒன்று. ஆதியில் வெள்ளையருக்கு மட்டுமான ஊராக இருந்தது என்று வட்டார வரலாறு சொன்னது இன்னொன்று. இவை எல்லாமே, இனம் காரணியல்ல என்ற குறிப்பு அச்சிட்ட அதே படிவத்தில் எழுதப்பட்டவை.

அந்த ஆண்டு செப்டம்பரில்தான் ஃபிரெடி மேக் தன் ஆய்வு ஒன்றை வெளியிட்டிருந்தது. 2015 முதல் 2020 வரையிலான 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட மதிப்பீடுகளைப் பார்த்த ஆய்வு அது. வாங்குபவரும் விற்பவரும் ஒப்புக்கொண்ட விலைக்குக் கீழே மதிப்பீடு வருவது வெள்ளையர் அதிகமுள்ள பகுதிகளில் 7.4 சதவீதம். கறுப்பினத்தவர் அதிகமுள்ள பகுதிகளில் 12.5. லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் அதிகமுள்ள பகுதிகளில் 15.4. இந்த இடைவெளி முழுவதற்கும் மதிப்பீட்டாளரின் பாரபட்சம் காரணம் அல்ல என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை.

இதைத் தொடர்ந்து விதிகள் இறுகின. நல்லது, கெட்டது, உயர்வு, தாழ்வு, பலவீனம், சராசரி போன்ற சொற்களைத் தகுந்த விளக்கமும் ஆதாரமும் இல்லாமல் பயன்படுத்தக் கூடாது என்று ஃபேனி மே எழுதியது. 2024 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த தேசிய மதிப்பீட்டு நெறிமுறைகளில் பாகுபாடின்மை பற்றித் தனிப் பிரிவு சேர்ந்தது. ‘பாதுகாப்பான’, ‘விரும்பத்தக்க’ என்று எழுதிய அறிக்கைகள் திருத்தத்துக்குத் திரும்பி வரத் தொடங்கின.

மதிப்பீட்டாளர்கள் பலர் கோபப்பட்டார்கள். கண்ணால் பார்ப்பதை எழுதக் கூடாதென்றால் எங்களை எதற்கு அனுப்புகிறீர்கள் என்று கேட்டார்கள். அந்தக் கோபத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது. ஒரு வட்டாரத்தில் உண்மையிலேயே திருட்டு மிகுந்து, அதனால் விலை குறைந்திருக்கலாம். ஆனால் அதைச் சொல்லவே கூடாது என்று விதி தடுக்கவில்லை. சொன்னால் நிரூபி என்கிறது. ‘நல்ல பள்ளி’ என்பதற்குப் பதிலாக வீடு எந்தப் பள்ளி எல்லைக்குள் வருகிறது என்று எழுதலாம். ‘வசதியான இடம்’ என்பதற்குப் பதிலாக ரயில் நிலையம் எத்தனை மைல் என்று எழுதலாம். தேவை குறைவு என்று தோன்றினால், விற்பனைக்கு வந்த வீடுகள் எத்தனை நாள் விலைபோகாமல் கிடந்தன என்று காட்டலாம். லிங்கன் டெரஸைப் பற்றி எழுதியவரிடம் 1937-ல் யாராவது இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால், வீடுகளின் வயதையும் செங்கல்லின் தரத்தையும் தவிர அவரால் எதை எழுதியிருக்க முடியும்?

அரசியல் காற்று மறுபடி திரும்பியிருக்கிறது. மதிப்பீட்டில் பாகுபாட்டைக் களைய 2021 ஜூனில் பைடன் அரசு அமைத்த பல்துறைக் குழுவின் நடவடிக்கைகளை 2025-ல் அடுத்த அரசு கைவிட்டது. 1968-ன் சட்டமும் 1988-ன் திருத்தமும் அப்படியே இருக்கின்றன.

சொற்களைச் சுத்தம் செய்வதால் மட்டும் தீராத சிக்கல் ஒன்று இருக்கிறது. மதிப்பீட்டாளர் ஒரு வீட்டுக்கு விலை சொல்வது, அதைப்போன்ற வீடுகள் அருகில் அண்மையில் என்ன விலைக்குப் போயின என்பதை வைத்துத்தான். ஐம்பது வருடம் கடன் மறுக்கப்பட்ட வட்டாரத்தில் அந்த ‘அருகில் உள்ள விலை’யே தாழ்ந்து கிடக்கிறது. அறிக்கையில் ஒரு தவறான சொல்லும் இல்லாமல், அந்தத் தாழ்ந்த விலை புதிய மதிப்பீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஜூனியா ஹாவெல், எலிசபெத் கோர்வர்-க்ளென் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் 1980 முதல் 2015 வரையிலான வீட்டு மதிப்புகளை ஆராய்ந்தார்கள். வட்டாரத்தின் இனச் சேர்க்கை வீட்டு மதிப்பைப் பாதிக்கும் அளவு, இந்தக் காலத்தில் குறையவில்லை, கூடியிருக்கிறது என்று கண்டார்கள். அதற்கு அவர்கள் சுட்டும் முக்கியமான காரணம் இந்த ஒப்பீட்டு முறைதான்.

கடன் மறுக்கப்பட்ட அந்த ஐம்பது வருடங்களில் அங்கே வீடு வாங்கியவர்கள் எப்படி வாங்கினார்கள்? சிகாகோவின் லாண்டேல் வட்டாரத்தில் வங்கிக்குப் போக வழியில்லாத கறுப்பினக் குடும்பங்கள், ஊகவணிகர்களிடம் ஒப்பந்தத்தின்பேரில் வீடு வாங்கின. ஊகவணிகர் கொடுத்ததைவிட மிகவும் கூடுதலான விலை. கடைசித் தவணை கட்டும்வரை பத்திரம் கைக்கு வராது. ஒரு தவணை தவறினால் கட்டியது எல்லாம் போய்விடும். 1968-ல் அந்தக் குடும்பங்கள் ஒன்று சேர்ந்தன. மாதத் தவணையை எல்லோரும் சேர்ந்து நிறுத்திவைத்தார்கள். அடுத்த பகுதியில் அவர்களுடைய போராட்டம்.

(தொடரும்)